இறக்கா, இறுக்கா?

ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையில் முட்டியது. உள்ளே மாட்டிக்கொண்ட ஒட்டடை என்கிறவன் கடைசியாகப் பார்த்தது ஒரு ஜோடி பூட்ஸ் கால்களை. அதற்குப் பிறகு எல்லாமே சத்தம்தான். பூட்டு மாட்டிய சத்தம், சாவி திரும்பிய சத்தம், வாட்ச்மேன் சீட்டியடித்துக்கொண்டே போன சத்தம்.

"யோவ்! உள்ள ஆள் இருக்கோம்யா!"

அவன் ஷட்டரில் ஓங்கி அடித்தான். அதே நேரம் தலைக்கு மேலே கேலரியில் ஜனம் காலால் தட்டத் தொடங்கியது. அவன் அடித்தது அவனுக்கே கேட்கவில்லை.

"சித்தி, நம்மள மூட்டை மாதிரி குடோன்ல அடுக்கிட்டாங்க."

"மூட்டை வாயை மூடிக்கிட்டு இருக்கும். நீ அப்படியா இருக்க?"

துப்பறிகிறவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கேஸ் கொண்டு வருகிறவர்கள், ஸ்டேஷன்காரர்கள், எதிர்க்கடை டீ மாஸ்டர் எல்லாருக்கும் அவள் சித்திதான். ஒட்டடைக்கு மட்டும் அது உண்மையான உறவு. அவன் அவளுடைய கூடப்பிறந்த அக்காவின் மகன். முப்பதைத் தாண்டியும் உடம்பில் சதை பிடிக்காமல் உயரம் மட்டும் பிடித்ததால் வந்த பெயர் ஒட்டடைக்குச்சி. கூப்பிடச் சோம்பல்பட்டுக் குச்சியை விட்டுவிட்டார்கள். கதவு மூடிய இடம் என்றால் அவனுக்கு ஆகாது. நெஞ்சுக்குள் யாரோ சாக்கைத் திணிப்பது போல இருக்கும். அப்போதெல்லாம் அவன் வாய் ஓயாது. பயம் ஏற ஏற ஜோக்கும் ஏறும்.

அறை அப்படிப்பட்ட அறை. ஹாக்கி மைதானத்தின் வடக்கு கேலரிக்கு அடியில், படிக்கட்டின் முதுகையே கூரையாக வைத்துக் கட்டியது. ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கம் குனிந்தால்தான் ஆகும். சுருட்டிய வலைகள், கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைகள், கால் போன நாற்காலிகள், ஒரே ஒரு பல்பு. கூரையில் ஓர் ஓட்டை. அதன் வழியாக விரல் தடிமனில் ஒரு கயிறு இறங்கி, அதன் நுனியில் ஒரு மணல் மூட்டை நெஞ்சு உயரத்தில் தொங்கியது. மேலே ஜனம் குதிக்கும்போதெல்லாம் சிமெண்டுத் தூள் கொட்டியது. ஒட்டடை போனை எடுத்துப் பார்த்தான். இத்தனை ஆயிரம் பேர் ஒரே இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் சிக்னல் எங்கிருந்து வரும்?

"வீணா கத்தாதீங்க தம்பி" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். "ஆட்டம் முடியாம திறக்க மாட்டாங்க. என்னைப் பூட்டி வைக்கச் சொல்லி மைதான மேனேஜர் உத்தரவு."

சுருட்டிய வலையின் மேல், மைதானத்து வலையை ஏற்றி இறக்கும் வலைக்காரர் உட்கார்ந்திருந்தார். காலடியில் வாட்ச்மேன் கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போயிருந்தது. அந்த டீ உள்ளே வந்த நேரத்தில்தான், பாதி ஏறியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து, வாட்ச்மேன் கண்ணில் படாமல் இவர்கள் இருவரும் நுழைந்தார்கள். இவரைத் தேடித்தான் வந்தார்கள். பார்த்துவிட்டார்கள். இனி இவரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கேஸ் சின்னது போலத்தான் தெரிந்தது. போன ஆட்டத்தில், கோலுக்குப் பின்னால், பந்து ஜனத்தின் மேல் பாயாமல் தடுக்கக் கட்டியிருந்த உயரமான வலை ஆட்டம் நடக்கும்போதே இறங்கியது. கல் மாதிரிப் பந்து ஒன்று மட்டையிலிருந்து எகிறி, இறங்கிய வலைக்கு மேலே பறந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரியின் முகத்தில் விழுந்தது. தம்பி ஆடுகிறானே என்று பார்க்க வந்தவள். வலது கண் போய்விட்டது. இப்போது ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள்.

வலையை ஏன் இறக்கினாய் என்று கேட்டால், "மேனேஜர் வாக்கி டாக்கியில இறக்குன்னாரு, இறக்கினேன்" என்றார் வலைக்காரர். மேனேஜரோ, "காத்துல வலை தொங்குச்சு. இறுக்குன்னுதான் சொன்னேன். செவிட்டு மனுஷன் இறக்கிட்டான்" என்றார். ஊர் சிரித்தது, உச்சுக் கொட்டியது, நம்பியும் விட்டது. எழுதிப் பார்த்தால் ற-வுக்கு ஒரு வால் வளைந்தால் று. அந்த வாலில் மாட்டிக்கொண்டு ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போகப்போகிறார்.

தையல்காரிதான் சித்தியிடம் வந்தாள். "போன கண்ணு போச்சு சித்தி. ஆனா தப்பான ஆளைப் புடிச்சு உள்ள போட்டா, சரியான ஆளு மறுபடியும் வலையை இறக்குவான். அப்ப இன்னொருத்தி கண்ணு போகும்" என்றாள்.

சித்தி ஒரு சுண்ணாம்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "அண்ணே, இன்னிக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட ஒத்துக்கப் போறீங்களாமே?"

"ஆமாம்மா. ஆட்டம் முடிஞ்சதும் வருவாரு."

"உங்க மேல தப்பு இருக்கா?"

வலைக்காரர் உள்ளங்கையைப் பார்த்தார். கயிறு ஓடி ஓடி ரேகை அழிந்த கை. "எனக்கு இறக்குன்னுதாம்மா கேட்டுச்சு. ஆனா வயசாகுதுல்ல? டிவியை அலற விடுறேன்னு மருமக திட்டுறா. என் காதை நானே எப்படி நம்புறது? அந்தப் புள்ள கண்ணை நினைச்சா சோறு இறங்கல. ஒத்துக்கிட்டா பாரமாவது இறங்கும்."

"இறங்குமா, இறுகுமா? தெளிவாச் சொல்லுங்கண்ணே" என்றான் ஒட்டடை.

சித்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயைத் தைத்துக்கொண்டான்.

"அண்ணே, அந்தத் தையல்காரி ஒண்ணு சொன்னா. வலை மொத்தமா இறங்கலையாம். ஜன்னல் திரைக்கு அளவு எடுத்த மாதிரி, பாதியில வந்து நின்னுச்சாம். ஏன் பாதியில நிறுத்துனீங்க?"

"அவர்தான் போதும்னாரே."

சித்தி மூட்டையின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"யாரு?"

"மேனேஜர்தான். அதே வாக்கி டாக்கியில. 'போதும்'னாரு. நிறுத்தி, கொக்கியில மாட்டுனேன்."

ஒட்டடை துள்ளி எழுந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டான். "சித்தி! இறுக்கச் சொன்ன ஆளு, வலை இறங்குறதைப் பார்த்தா என்ன சொல்லணும்? 'அடப்பாவி, என்னடா பண்றே'ன்னு கத்தணும். போதும்னு சொன்னா..."

"இறங்குறது அவருக்குப் புடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்றாள் சித்தி. "ஒத்தை எழுத்துக்கு ஊரே மல்லுக்கட்டுச்சு. அடுத்த வார்த்தை என்னன்னு ஒருத்தரும் கேக்கல."

வலைக்காரர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் ஷட்டருக்கு வெளியே செருப்புச் சத்தம். ஷட்டரின் நடுவில் காற்றுக்காக வைத்த கையகலக் கம்பி ஜாலியில் ஒரு மூக்குக் கண்ணாடி தெரிந்தது. மைதான மேனேஜர்.

"உள்ள ரெண்டு குரல் கூடுதலா கேக்குதேன்னு பார்த்தேன். சித்தியா! வலை ரூம்ல உங்களுக்கு என்னம்மா வேலை?"

"வலை எப்படி விழுதுன்னு பார்க்க வந்தோம். நாங்களே விழுந்துட்டோம். திறங்க."

"திறக்கலாம்தான். வெளிய ஜனம் கொதிச்சுக் கிடக்கு. இவர் தலை தெரிஞ்சா பிச்சுப் போட்டுடும். உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன். ஆட்டம் முடியட்டும்."

"பார்க்க வந்த ஜனத்தோட பாதுகாப்பை விட்டுட்டீங்க. பூட்டி வச்ச ஜனத்தோட பாதுகாப்புல அக்கறை பொங்குது சார்" என்றான் ஒட்டடை.

சித்தி ஜாலிக்கு அருகில் போனாள். "அன்னிக்கு வலை பாதி இறங்கினதும் 'போதும்'னு சொன்னது நீங்கதானே?"

கண்ணாடிக்குப் பின்னால் இமை ஒரு தடவை அடித்தது. அவ்வளவுதான். பிறகு மேனேஜர் மனம்விட்டுச் சிரித்தார். "இறுக்குன்னதை இறக்குன்னு கேட்ட காது அது. வலை இறங்குதேன்னு பதறிப்போய் 'மோதும், பந்து மோதும்'னு கத்தினேன். போதும்னு கேட்டிருக்கு பாருங்க! பாவம்."

கண்ணாடி மறைந்தது. போகிற போக்கில் குரல் மட்டும் வந்தது. "இன்ஸ்பெக்டர் என் கேபின்லதான் இருக்கார். டீ குடிச்சுக்கிட்டு ஆட்டம் பார்க்குறார். கடைசி விசில் அடிச்சதும் ரெண்டு பேரும் வர்றோம்."

செருப்புச் சத்தம் தேய்ந்தது. சித்தி திரும்பி வந்து அதே மூட்டையில் உட்கார்ந்தாள். கையில் பிடித்த மீன் நழுவித் தண்ணீருக்குள் போனால் இருக்குமே ஒரு முகம், அந்த முகம்.

"மோதுமாம்" என்றாள். "கெட்டிக்காரன்."

"அதாம்மா சொன்னேன்" என்றார் வலைக்காரர். "அவர் மோதும்னுதான் சொல்லியிருப்பாரு. நான்தான்..." வாக்கியத்தை முடிக்காமல் ஆறிய டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

ஒட்டடைக்கு மூச்சு அடைத்தது. அறை முன்னைவிடச் சிறியதாகிவிட்டது போல இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு பழைய வாக்கி டாக்கி கண்ணில் பட, பாய்ந்து எடுத்தான். "இதுல கூப்பிடலாமே!"

"பேசுற பட்டன் உடைஞ்சு போச்சு தம்பி. கேக்கும். பேசாது."

"அப்படியே நம்ம சித்தப்பா."

"டேய்!"

திருகினான். கரகரவென்று உயிர் வந்தது. மைதானத்து ஆட்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள், ஸ்ட்ரெச்சர் எங்கே என்று கேட்டார்கள், மேற்கு வாசலில் நெரிசல் என்றார்கள். வெளி உலகம் முழுக்க அந்தச் சின்னப் பெட்டிக்குள் பேசியது. இவர்கள் பேசத்தான் வழியில்லை. கிணற்றுக்குள் விழுந்தவன் மேலே ஊர்க்கதை பேசுவதைக் கேட்பது போல இருந்தது ஒட்டடைக்கு.

மேலே விசில். கேலரி எழுந்து நின்றது. தூள் மழையாகக் கொட்டியது.

"பெனால்டி கார்னர்" என்றார் வலைக்காரர், கூரையைப் பார்த்தபடி. "நம்ம பக்கத்துக் கோலுக்கு. இதுலதான் பந்து உசரமா எகிறும்."

வாக்கி டாக்கியில் ஒரு புதுக்குரல். "சார், வடக்கு கேமரா. வலை குறுக்க வருது சார். ஆட்டக்காரங்க மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. கோல் விழுந்தா ஒண்ணும் தெரியாது."

"இரு" என்றது மேனேஜரின் குரல். பிறகு நிறுத்தி, நிதானமாக, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி: "வலைப் பையா, காதைத் தீட்டிக் கேட்டுக்கோ. வலையை இறுக்கு. று, று. இறுக்கு."

"சரி சார்" என்றான் வலைக்காரருக்குப் பதிலாக இன்று கயிற்றில் நிற்கிற புது ஆள்.

"பாருங்கம்மா" என்றார் வலைக்காரர் உடைந்த குரலில். "எவ்வளவு சுத்தமா சொல்றாரு. இப்படித்தான் அன்னிக்கும்..."

அவர் நிறுத்திவிட்டார். அவர் கண் மணல் மூட்டையின் மேல் இருந்தது.

மூட்டை நகர்ந்தது.

நெஞ்சு உயரத்தில் தொங்கியது, மெல்ல மெல்ல முகத்துக்கு ஏறியது. முகத்திலிருந்து தலைக்கு. கூரை ஓட்டையில் கயிறு சரசரவென்று உரசியது.

"என்னண்ணே இது?" என்றான் ஒட்டடை. "மூட்டைக்கு இறக்கை முளைச்சிருச்சா?"

"இது வலையோட எடை மூட்டை. இந்தக் கயிறு மேல கம்பத்து உச்சியில உருளை வழியாப் போய் வலையைத் தூக்கி நிறுத்தும். மூட்டை கீழ இருந்தா வலை மேல. மூட்டை மேல போனா..." வலைக்காரர் கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். "வலை இறங்குது."

"இறுக்குன்னுதானே சொன்னாரு! அந்தப் பையனுக்கும் காது போச்சா? இந்த மைதானத்துத் தண்ணியில ஏதாவது..."

"உஷ்!" என்றாள் சித்தி.

வாக்கி டாக்கி கரகரத்தது. "போதும்" என்றது மேனேஜரின் குரல். இந்தத் தடவை மோதும் இல்லை. மூன்று பேர் காதும் ஒன்றாகக் கேட்டது.

மூட்டை நின்றது.

"சூப்பர் சார். இப்ப தெளிவா இருக்கு" என்றான் கேமராக்காரன்.

சித்தியின் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. "பையன் காது நல்லாத்தான் இருக்கு. மேனேஜர்தான் முன்னாடியே அவன்கிட்ட நேர்ல சொல்லி வச்சிருக்கான். நான் இறுக்குன்னா நீ இறக்கணும்னு. பக்கத்துல இன்ஸ்பெக்டர் சாட்சி. நாளைக்கு எவன் மண்டை உடைஞ்சாலும், நான் இறுக்குன்னுதானே சொன்னேன், நீங்களே கேட்டீங்களே சார்னு சொல்லுவான். அன்னிக்கும் கேமராவுக்காக இறக்கச் சொல்லிட்டு, சமாளிப்புக்குப் புடிச்ச எழுத்து அது. இன்னிக்கு அதையே கேடயம் ஆக்கிட்டான்."

வலைக்காரர் அதைக் கேட்கவில்லை. ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டார். "மேல ஜனம் இருக்கும்மா. வெறும் மூஞ்சியோட உக்காந்திருக்கு."

"எப்படிச் சொல்றது? இது பேசாதே!" ஒட்டடை வாக்கி டாக்கியை உலுக்கினான்.

"சொல்ல வேண்டாம். புடிங்க. பையன் கொக்கியில மாட்டுறதுக்கு முன்னாடி புடிங்க!" என்று கத்தினார் வலைக்காரர்.

வலைக்காரர் ஒரு எம்பு எம்பி மூட்டைக்கு மேலே கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். ஒட்டடை தன் உயரத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி சொல்லி, மூட்டையையே கட்டிப்பிடித்தான். சித்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் இடுப்பைப் பிடித்துத் தொங்கினாள்.

"சித்தி, நான் கயிறு இல்ல! மனுஷன்!"

"தெரியும். கயிறுன்னா நம்பித் தொங்கியிருப்பேன்."

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. மேலே எங்கோ ஒருவன் தன் பங்குக்கு இழுத்துப் பிடிப்பது கயிற்றில் தெரிந்தது. பிறகு அவன் கை வழுக்கியது. மூட்டையும் மூன்று உடம்பும் ஒன்றாகத் தரைக்கு வந்தன. ஒட்டடையின் உள்ளங்கையில் தோல் உரிந்தது. யாரும் விடவில்லை.

"சார், மறுபடியும் கட்டம்!" என்று அலறினான் கேமராக்காரன். "வலை மேல ஏறிடுச்சு!"

"டேய், யார்றா ஏத்துனது?" மேனேஜரின் வாத்தியார் குரல் காணாமல் போயிருந்தது. "இறக்குன்னா இறக்கி வைடா, மடையா!"

"நான் ஏத்தல சார்! கயிறு தானா ஓடுது சார், பேய் இழுக்குற மாதிரி! நீங்க காலையில சொல்லிக் குடுத்தபடி, இறுக்குன்னதும் இறக்கிட்டேன் சார்! சத்தியமா இறக்கிட்டேன் சார்!"

அதன் பிறகு வாக்கி டாக்கியில் வெறும் கரகரப்பு. மேனேஜர் ஏதோ சொல்லப் பட்டனை அழுத்திவிட்டு, விரலை எடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. தூரத்தில் ஜனத்தின் இரைச்சல். ஒரு டீ கிளாஸை மேசையில் வைக்கும் சத்தம். பிறகு அவசரமில்லாத மூன்றாவது குரல் ஒன்று.

"காலையில என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

மேனேஜர் பதில் சொன்னாரா என்று தெரியாது. அதற்குள் மேலே மட்டை பந்தை அறைந்த சத்தம். அடுத்த கணம் கயிறு வெடுக்கென்று துடித்தது. அந்த அதிர்ச்சி உருளையிலிருந்து இறங்கி, கயிறு வழியாக, வலைக்காரரின் கை வழியாக, ஒட்டடையின் பல் வரைக்கும் வந்தது.

"வலையில விழுந்துச்சு" என்றார் வலைக்காரர். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "முன்வரிசைக்கு நேரா."

மேலே ஜனம் 'ஓ'வென்று கத்தியது. கோல் போய்விட்டதே என்ற வருத்தம். வேறு எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

மூவரும் தரையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்கள். கை எரிந்தது, தோள் இற்றுப்போனது. ஒட்டடைக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. பயம் போய்விட்டதா, பலம் போய்விட்டதா என்று அவனுக்கே புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜாலியில் ஒரு முகம் தெரிந்தது. கண்ணாடி இல்லாத முகம். தலையில் தொப்பி.

"வலைக்காரர் இருக்காரா?" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க ஏதோ ஒத்துக்கணும்னு சொன்னீங்கன்னு மேனேஜர் சொன்னாரு. என்ன அது?"

சித்தி வலைக்காரர் பக்கம் திரும்பினாள். இது அவள் சொல்ல வேண்டிய பதில் இல்லை.

வலைக்காரர் கயிற்றை விடாமலே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல சார். எனக்கு நல்லாத்தான் கேட்டிருக்கு."

சாவி திரும்பியது. ஷட்டர் ஏறியது. மத்தியான வெயில் பாய்ந்து உள்ளே வந்து ஒட்டடையின் காலடியில் விழுந்தது. எத்தனை நேரமாக அவன் ஏங்கிய வெளிச்சம்.

"வெளிய வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இப்ப முடியாது சார்" என்றார் வலைக்காரர். "நாங்க விட்டா எவனாவது இழுத்து இறக்கிடுவான். ஆட்டம் முடியட்டும்."

ஒட்டடை வெயிலைப் பார்த்தான். சித்தியைப் பார்த்தான். பிறகு உரிந்த கையில் எச்சிலைத் துப்பிக்கொண்டு கயிற்றை இன்னும் ஒரு சுற்று சுற்றிப் பிடித்தான்.